மூட்டு வாதமும் தும்மல் மாத்திரையும்



இத்திங்கள் நம் நலவாழ்வுப் பகுதியில் மூட்டு வாதத்தைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். சங்கத்துக் கூட்டங்களிலும், திருமண வீடுகளிலும், கடைத்தெருவிலும் நம்மைக் காணும் அன்பர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தும்மலுக்கும், மூக்கொழுகலுக்கும், உடம்புத் தடிப்புக்கும் கடையில் தருகிற சிறிய மாத்திரையை விழுங்கினால் சற்று நேரத்தில் வீக்கம் வடிந்துவிடுகிறது. விரல் மூட்டு வீங்கியிருக்கும்போதும் அதனையே சாப்பிட்டால் என்ன?" என்று அவர்கள் வினவுகின்றனர்.

இது பாமரர் கேள்வி என்று ஒதுக்குதற்கில்லை. உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களில் பணியாற்றிய அறிஞர்களும் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டனர். விடை காணப் பல ஆண்டுகள் உழைத்தனர். முடிவில் நோயாளிகளிடமே சோதித்தும் பார்த்தனர். அவர்கள் கண்ட விடையை எளிய முறையில் எடுத்துரைப்பதே நம் நோக்கம். அது தெரிந்தால் நம் வீடுகளில் வீணே கழியும் மாதங்கள் மிச்சமாகும், விரல்களும் மிஞ்சும்.

விரல்களும் மிஞ்சும் என்று நாம் கூறியது வெற்று அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டா. திருப்பதியிலும் சித்தூரிலும் வந்து குடியேறிய நம் குடும்பங்களுள் பல, கை உழைப்பால் வாழ்பவை. பூத்தொடுக்கும் தாய்மாரும், தையல் இயந்திரத்தின் முன் அமரும் பெண்மணிகளும், உணவு விடுதியில் மாவு பிசையும் தொழிலாளரும் நம்மிடையே உளர். விரல் மடங்க மறுத்தால் அவர்கள் வீட்டில் அடுப்பெரிவது எவ்வாறு? மேலும், குடியேறிய ஊரில் அறிவுரை கூறப் பெரியவர்கள் அருகில் இரார்; மருத்துவரிடம் தெலுங்கில் நோயை விளக்கச் சிலருக்குத் தயக்கம். ஆதலின் மருந்துக் கடையில் நான்கு சொல் சொல்லி, நான்கு மாத்திரை வாங்கி வந்துவிடுவது எளிதாகத் தோன்றுகிறது. அந்த எளிய வழியே பின்னர் அரிய துன்பத்திற்கு வழியாகிவிடுகிறது.

வலியில் இரு வகை

மூட்டு வலி எல்லாம் ஒன்றெனக் கருதுதல் முதற் பிழை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள் என்பர். அவற்றை ஏறி இறங்கியவருக்கு முழங்கால் வலிப்பதில் வியப்பில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்திருப்பின் அவ்வலி மிகும். இத்தகைய தேய்மான வலி நடந்தால் கூடும். அமர்ந்து ஓய்வெடுத்தால் குறையும்.

இனி, மற்றொரு வகை உண்டு. அதில் வலி ஓய்வினால் கூடும். இயங்க இயங்கக் குறையும். காலையில் எழுந்தவுடன் கைவிரல்கள் மரக்கட்டைபோல் விறைத்திருக்கும். சட்டைப் பொத்தானைப் போட இயலாது. சொம்பைப் பற்ற இயலாது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே விரல்கள் இணங்கி வரும். விரல்களின் நடு மூட்டுகள், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகள், மணிக்கட்டு, பாதத்தின் சிறு மூட்டுகள் ஆகியவை இரு பக்கமும் ஒத்து வீங்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். உடற்சோர்வும் இலேசான காய்ச்சலும் கூடவே வருவதுண்டு. இதுவே அழற்சியால் வரும் மூட்டு நோய். இவ்வகையுள் தலையாயதை முடக்குவாதம் என்றும், சரவாங்கி என்றும் நாம் கூறுகிறோம். மருத்துவர்கள் ரூமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பர். நம் தெலுங்கு அன்பர்கள் மூட்டு வாத நோய்களைப் பொதுவாகக் 'கீள்ள வாதம்' என்பர். நம் 'கீல்வாத'த்தின் உடன்பிறப்பே அச்சொல்.

ஹரியானா மாநிலத்து வல்லப்கட் வட்டாரக் கிராமங்களில் நடந்து 1993இல் வெளியான ஆய்வு ஒன்று, வயது வந்தோர் ஆயிரவருள் ஏழெட்டுப் பேருக்கு முடக்குவாதம் இருப்பதாகக் கண்டது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. இளமையிலும் நடுவயதிலும் வருவதால், இதனை முதுமையின் குற்றம் எனத் தள்ளிவிடவும் முடியாது.

எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு நாடிச் செல்வது நம்மவர் வழக்கம். திருப்பதிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட அவ்வூரின் புகழ் தமிழ்நாடெங்கும் பரவியது. ஆயின் முடக்குவாதத்தில் எலும்பு முறிவதுமில்லை; பிசகுவதுமில்லை. மூட்டை உட்புறமாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு அழன்று தடித்து, தன் அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. உள்ளே நடக்கும் அவ்வரிப்பை வெளியே இடும் கட்டு எவ்வாறு தடுக்கும்?

ஹிஸ்டமின் என்னும் பொருள்

இனி நம் தும்மல் மாத்திரைக்கு வருவோம். அம்மாத்திரை எதனை எதிர்க்கிறதோ அப்பொருளின் பெயர் ஹிஸ்டமின். நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் உள்ள புரதம் செரிக்கும்போது ஹிஸ்டிடின் என்னும் கூறு கிடைக்கிறது. நம் உடலிலுள்ள ஒரு நொதி அதிலிருந்து கரியமில வாயுவை நீக்கி ஹிஸ்டமினை ஆக்குகிறது. 1907இல் ஜெர்மானிய வேதியியலார் இதனைச் செயற்கையாக ஆக்கினர். 1910இல் இலண்டனில் ஹென்றி டேல் என்பாரும் லெய்ட்லா என்பாரும் உயிர்களின் உடலில் இது விளைக்கும் மாறுதல்களை விளக்கினர். நம் திசுக்களிலேயே இது இயல்பாக உள்ளது என்பது 1927இல் ஐயமற நிறுவப்பெற்றது.

இப்பொருளைச் சேமித்து வைப்பவை மாஸ்ட் உயிரணுக்கள். பால் எர்லிக் என்னும் ஜெர்மானியர், மாணவராக இருந்தபோது 1878இல் தம் பட்ட ஆய்வில் இவற்றை விவரித்துப் பெயரிட்டார். தோலிலும், மூச்சுக் குழாயிலும், குடலிலும், மூட்டுச் சவ்விலும் இவை காவலர்போல் நிற்கின்றன. தூசியோ, பூந்தாதோ, குளவியின் நஞ்சோ தீண்டியவுடன் தம் பையைத் திறந்து ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. உடனே இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர் நெகிழ்ந்து நீர் கசிகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், அரிப்பு யாவும் தோன்றுகின்றன.

முடக்குவாத நோயாளியின் மூட்டிலும் சிவப்பும் சூடும் வீக்கமும் உள. அங்கும் மாஸ்ட் உயிரணுக்கள் மிகுந்துள்ளன. ஆதலின் ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்து அங்கும் பயன்படும் என்று கருதுவது இயல்பேயன்றோ? இங்கேதான் கதை திரும்புகிறது.

ஒரு சாவி, நான்கு பூட்டு

ஹிஸ்டமின் தானே எதனையும் செய்வதில்லை. உயிரணுக்களின் மேற்புறத்தில் அதனை ஏற்றுக்கொள்ளும் அமைப்புகள் உள்ளன. அவற்றை ஏற்பிகள் என்பர். ஹிஸ்டமினைச் சாவி என்று கொண்டால், ஏற்பியைப் பூட்டு எனலாம். சாவி பூட்டில் நுழைந்த பின்னரே உள்ளே கதவு திறக்கும். மருந்து செய்வது யாதெனின், சாவித் துளையை அடைத்துக்கொள்வது. சாவி வெளியே கிடக்கும், கதவு திறவாது.

1937இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே என்பார் இத்தகைய மருந்துகளுள் முதலாவதைக் கண்டார். 1957இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்வழியில் வந்தவையே நம் வீடுகளில் வழங்கும் அவில், சிட்ரிசின் முதலிய மாத்திரைகள். தும்மலும் தடிப்பும் இவற்றுக்கு அடங்கின. ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கச் செய்வதும் உண்டு. அதனை இம்மருந்துகள் சிறிதும் தடுக்கவில்லை. அப்படியாயின் பூட்டு ஒன்றுக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும்.

அவ்வாறே ஆயிற்று. தும்மல் மாத்திரை அடைக்கும் பூட்டுக்கு 1966இல் எச்-1 என்று பெயரிட்டனர். 1972இல் ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் குழுவினர் இரைப்பையிலுள்ள எச்-2 என்பதை அடைக்கும் மருந்தைக் கண்டனர். வயிற்றுப் புண்ணுக்கு உதவிய சிமெட்டிடினும் ரானிடிடினும் அவ்வழி வந்தவை. பிளாக் அவர்களுக்கு 1988இல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. 1983இல் பாரிசு அறிஞர்கள் மூளையில் எச்-3 என்னும் மூன்றாவதைக் கண்டனர். உறக்கத்தோடும் விழிப்போடும் தொடர்புடையது அது. நான்காவதாகிய எச்-4, 2000ஆம் ஆண்டில் பல ஆய்வுக்கூடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டறியப்பட்டது. எலும்பு மச்சையிலும், நோயெதிர்க்கும் வெள்ளையணுக்களிலும், மாஸ்ட் உயிரணுக்களிலும் அது உள்ளது. எச்-1க்குத் தேவைப்படுவதினும் மிகச் சிறிய அளவு ஹிஸ்டமினே அதனைத் திறக்கப் போதும். திறந்தால் வெள்ளையணுக்கள் அழற்சி உள்ள இடத்தை நோக்கி விரைகின்றன.

ஒரு பொருள், நான்கு பூட்டுகள், நான்கு வேறு வேலைகள். மூட்டில் எந்தப் பூட்டு திறக்கிறது என்பதே பின்வந்த அறிஞர்களின் ஆராய்ச்சி ஆயிற்று.

எலிகள் கூறிய விடை

2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மாஸ்ட் உயிரணுக்கள் இல்லாத சுண்டெலிகளிடம் மூட்டு அழற்சியை உண்டாக்க முயன்றனர். எலிகளுக்கு நோய் தோன்றவில்லை. மாஸ்ட் உயிரணுவே குற்றவாளி என்று பலர் கருதினர். ஆயின் 2011இல் ஜெர்மனியில் வேறு முறையால் மாஸ்ட் உயிரணுக்களை நீக்கிய எலிகளுக்கு அந்நோய் வரத்தான் செய்தது. அறிவியலில் ஒரு சாட்சியைக் கொண்டு தீர்ப்பு வழங்குதல் ஆகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஹிஸ்டமினைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. 2009இல் வெளியான ஆய்வொன்றில், ஹிஸ்டமினையே ஆக்க இயலாத எலிகள் மூட்டு அழற்சியிலிருந்து காக்கப்பட்டன. ஆனால் எச்-1 இல்லாத எலிகளும், எச்-2 இல்லாத எலிகளும் மற்ற எலிகளைப் போன்றே நோயுற்றன. இதன் பொருள் யாது? ஹிஸ்டமினுக்கு அந்நோயில் பங்குண்டு. ஆயின் தும்மல் மாத்திரை அடைக்கும் பூட்டின் வழியாகவோ, வயிற்று மாத்திரை அடைக்கும் பூட்டின் வழியாகவோ அது வரவில்லை என்பதே. 2013இல் எச்-4 இல்லாத எலிகளிடம் சோதித்தபோது நோயின் கடுமை குறைந்திருந்தது. 2014இல் எச்-4ஐ அடைக்கும் மருந்து தந்த எலிகளுக்கும் மூட்டு வீக்கம் தணிந்தது.

ஆகவே நம் அன்பர்களின் கேள்விக்கு முதல் விடை கிடைத்துவிட்டது. கடையில் வாங்கும் அலர்ஜி மாத்திரை எச்-1 என்னும் பூட்டை அடைப்பது. எலிகளின் மூட்டு அழற்சியில் திறந்து கிடந்த பூட்டு அதுவன்று.

மனிதரிடம் செய்த சோதனை

அப்படியாயின் எச்-4ஐ அடைக்கும் மருந்தை மனிதருக்குக் கொடுத்தால் நோய் தீருமா? இதனையும் செய்து பார்த்தனர். டோரிஃபொரன்ட் என்பது அம்மருந்தின் பெயர். வழக்கமான மருந்தாகிய மெத்தோடிரெக்ஸேட்டை உட்கொண்டும் நோய் தணியாத முடக்குவாத நோயாளிகளுக்கு அதனைக் கூடுதலாகக் கொடுத்தனர். முதற் சோதனையில் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அளித்தனர். அதில் ஒருவர் கடுமையான இரத்த நோய்க்கு ஆளாகி இறந்துபோகவே, சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதுவரை கிடைத்த கணக்கு நம்பிக்கை தருவதாக இருந்தமையால், அளவைக் குறைத்து 272 பேரிடம் இரண்டாவது சோதனை நடந்தது. மருந்து உண்டவர்க்கும் வெறும் மாத்திரை உண்டவர்க்கும் பன்னிரண்டாம் வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு 2016இல் வெளியிடப்பட்டது.

எலிக்கு உதவியது மனிதனுக்கு உதவாதது ஏன்? முடக்குவாதம் ஒரே பொருளால் நடப்பதன்று. ஹிஸ்டமினோடு, கட்டிச் சிதைவுக் காரணி, இன்டர்லூக்கின்-6 எனப் பல தூதுப் பொருள்கள் அம்மூட்டில் ஓடித் திரிகின்றன. ஊரிலுள்ள எல்லாத் தெருக்களிலும் ஒரே நேரத்தில் தீப்பற்றியபோது, ஒரு வீட்டுக் கதவை மட்டும் தாழிடுவதால் ஊர் தப்புமா? ஹிஸ்டமினுக்கும் அதன் ஏற்பிகளுக்கும் இந்நோயில் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு முழுப் பங்கன்று. அறிவியல் இதுவரை நமக்குச் சொல்லும் செய்தி இதுதான்.

அன்பர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகின்றோம். சரியான பூட்டைத் தேடி, அதற்கெனவே மருந்து செய்து, மருத்துவர் காவலில் அளந்து கொடுத்தும் மூட்டு வாதம் அசையவில்லை. வேறு பூட்டுக்குரிய மாத்திரையை நாமே வாங்கி, நாமே அளவிட்டு உண்டால் அசையுமா?

வீணாவது பணம் மட்டுமா?

"பயனில்லை என்றாலும் கேடில்லையே" என்று சிலர் கூறக்கூடும். கேடு உண்டு. அவில் போன்ற பழைய மாத்திரைகள் உறக்கத்தை வருவிக்கும். முழங்கால் தள்ளாடும் முதியவர் அவ்வுறக்கக் கலக்கத்தில் இரவில் எழுந்து நடந்தால் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வர். புரோஸ்டேட் சுரப்பி வீக்கமுள்ள ஆடவர்க்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அரிப்புக்கும் தும்மலுக்கும் மருத்துவர் கொடுத்திருந்தால் அதனை உண்பதில் தடையில்லை. மூட்டுக்கென்று உண்பதையே நாம் விலக்குகின்றோம்.

கடையில் தொகுத்துத் தரும் மாத்திரைகளுள் வலி நிவாரணியும் இருக்கும். டைக்குளோஃபினாக் முதலியவை சில மணி நேரம் வலியைத் தணிக்கும். மூட்டின் அரிப்பை நிறுத்தா. நெடுநாள் உண்டால் இரைப்பையில் புண்ணும், சிறுநீரகத்திற்கு ஊறும் விளைக்கும். இவற்றினும் கொடியது பெயரில்லாத பொட்டலம். 'வாதச் சூரணம்' என்று கூறி விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது பல இடங்களில் கண்டறியப்பட்டுள்ளது. உண்ட இரண்டு நாளில் நோயாளி எழுந்து நடப்பார். பொட்டலம் கொடுத்தவரைக் கும்பிடுவார். ஆண்டொன்று கழிந்தால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு பொறையாகும். மருத்துவர் அறிந்து, அளந்து, சிறிது காலம் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு. அறியாமல் உண்பது வேறு.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு காலம். முடக்குவாதத்தில் எலும்பின் அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் சில மாதங்களுக்குள் தகுந்த மருந்து தொடங்கியவர்க்கு மூட்டு காக்கப்படும் வாய்ப்பு மிகுதி. கோணிய விரலைப் பின்னர் எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. தும்மல் மாத்திரையை உண்டு காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்நற்காலத்திலிருந்து கழிகிறது.

ஆந்திரத்தில் பிறந்து சென்னையில் பயின்றவர்

இந்நோய்க்கு மருந்தே இல்லையோ என்று மனம் தளர வேண்டா. மேலே கூறிய மெத்தோடிரெக்ஸேட் என்பதே இன்று உலகெங்கும் முதலில் கையாளப்படும் மருந்து. விலையும் எளியது. அதன் பிறப்பில் நமக்குப் பெருமை தரும் ஒரு தொடர்பு உண்டு.

எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பார் 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்றார். அங்கு லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் வழிநடத்திய குழுவினர் ஃபோலிக் அமிலத்தையும், பின்னர் அதனை எதிர்க்கும் மருந்துகளையும் ஆக்கினர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அவை முதலில் பயன்பட்டன. சுப்பாராவ் 1948இல் நியூயார்க்கில் காலமானார். 1951இல் அம்மருந்துகளுள் ஒன்றாகிய அமினோப்டெரின், முடக்குவாத நோயாளிகளுக்கும் நலம் செய்வதை அமெரிக்க மருத்துவர்கள் கண்டனர். அதன் உடன்பிறந்த மருந்தே மெத்தோடிரெக்ஸேட். 1988இல் அமெரிக்க அரசு இதனை முடக்குவாதத்திற்கு ஏற்றது என ஒப்புக்கொண்டது. தமிழகம் விட்டு ஆந்திரம் வந்த நாம், ஆந்திரம் விட்டுத் தமிழகம் வந்து பயின்ற ஒருவரின் உழைப்பால் நலம் பெறுவது எண்ணி மகிழத்தக்கது.

இம்மருந்து ஒரு பூட்டை மட்டும் அடைப்பதன்று. நோயெதிர்ப்புப் படையின் மிகை வேகத்தையே தணிப்பது. அதனாலேயே ஆற்றல் மிக்கது. அதனாலேயே கவனமும் வேண்டுவது. தாய்மார்கள் பின்வருவனவற்றை நினைவில் இருத்துவார்களாக.

மெத்தோடிரெக்ஸேட் மாத்திரை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ணத்தக்கது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே இடர். கிழமையைக் குறித்து நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மருத்துவர் சொன்ன மற்ற நாளில் ஃபோலிக் அமில மாத்திரையை உண்ணுங்கள். கருவுற்றிருப்பவரும், கருவுற எண்ணுபவரும் இதனை உண்ணலாகாது. அவர்களுக்கு வேறு மருந்து உண்டு. மது அருந்துதல் கூடாது. மருத்துவர் குறித்த காலத்தில் இரத்தம், ஈரல் சோதனைகளைத் தவறாது செய்துகொள்ளுங்கள். பயன் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். ஆதலால் இரண்டு வாரத்தில் நிறுத்திவிட வேண்டா.

எப்போது, எங்கே?

ஒன்றுக்கு மேற்பட்ட சிறு மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு நெடுநேரம் நீடித்து, ஆறு வாரத்திற்கு மேல் தொடருமானால் மருத்துவரை நாடுதல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திரத்தில் தோன்றி, 2006இல் நாடெங்கும் 13 லட்சத்திற்கு மேற்பட்டோரைப் பற்றியதாகக் கணக்கிடப்பட்ட சிக்குன்குனியாவை இப்பகுதி மக்கள் மறந்திரார். அக்காய்ச்சலுக்குப் பின்னும் மூட்டுகள் இவ்வாறே வீங்கும். பலருக்குச் சில வாரங்களில் தணியும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்து முடக்குவாதம் போன்றே தோன்றும். இரண்டையும் வேறு பிரித்து அறிதல் மருத்துவர் கடமை. ஆதலின் முன்பு காய்ச்சல் வந்திருந்தால் அதனையும் அவரிடம் சொல்லுங்கள்.

இரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர் இருப்பதாகத் தாளில் கண்டவுடன் அஞ்சவும் வேண்டா. இல்லை எனக் கண்டவுடன் கவலையற்று இருக்கவும் வேண்டா. நலமுள்ளோர் சிலரிடமும் அது காணப்படும். நோயுற்றோர் சிலரிடம் காணப்படாது. சோதனைத் தாளையும் மூட்டையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு கூறுவார்.

இடத்திற்கும் நமக்குக் குறைவில்லை. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும், ஸ்விம்ஸ் என்று வழங்கும் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனமும் உள்ளன. சித்தூர் அன்பர்களுக்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அண்மையிலேயே உள்ளது; அங்கே இந்நோய்க்கெனத் தனித்துறையும் உண்டு. மொழித் தயக்கம் உடையவர்கள், நோய் தொடங்கிய நாள், வீங்கும் மூட்டுகள், காலை விறைப்பின் நேரம், இதுவரை உண்ட மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பள்ளியில் தெலுங்கு பயிலும் பிள்ளைகளைக் கொண்டு தெலுங்கிலும் எழுதச் செய்து எடுத்துச் செல்லலாம். தும்மல் மாத்திரை உண்டிருப்பின் அதனையும் மறையாது எழுதுங்கள்.

நம் வீட்டுப் பெண்கள் தம் வலியைக் கடைசியில்தான் சொல்வார்கள். கணவன்மாரும் பிள்ளைகளும் இதனை அறிந்து நடத்தல் வேண்டும். காலையில் காப்பித் தம்ளரை இரு கைகளாலும் பற்றுகிறார்களா, இட்லி மாவைக் கரைக்கத் தயங்குகிறார்களா, பூச்சரத்தின் முடிச்சு நழுவுகிறதா என்று கவனியுங்கள். கண்டால், "ஒன்றுமில்லை" என்று அவர்கள் கூறும் மறுமொழியை ஏற்காமல், அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தும்மலுக்குரிய மாத்திரை தும்மலுக்கே ஆகுக. மூட்டுக்கு மருத்துவரின் கண்ணும், தக்க மருந்தும், வீட்டாரின் துணையும் வேண்டும். அடுத்த திங்களில் வேறொரு பொருள் பற்றிக் காண்போம்.